பாடசாலையும் சமூகமும் இணையும் இடம்: எம் இளையோரின் தொழில்வழிக் கல்வி

(இலண்டன் ஆர்ச்வேயில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆர்ச்வே நிலத்தடி நிலையத்திலிருந்து ஹைகேற் மலை வீதியில் சற்று ஏறினால் வீதியோரத்தில் ஒரு கல்லைக் காணலாம். அதன் மேல் ஒரு பூனை அமர்ந்திருக்கும். றிச்சர்ட் விற்றிங்ரன் என்பவரின் நினைவாக 1821 ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட கல் அது. எமது பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலையிலேயே அவருடைய கதையைக் கேட்டிருப்பார்கள். ஏழைச் சிறுவன் ஒருவன் இலண்டனை வெறுத்து ஓடப் புறப்பட்டான். இந்த மலையடிவாரத்தில் தேவாலய மணியோசையைக் கேட்டுத் திரும்பினான். அவனுடைய பூனை அவனைச் செல்வந்தனாக்கியது. பின்னர் இலண்டன் மாநகர முதல்வரானான் என்பது கதை.

வரலாறு சற்று வேறானது. விற்றிங்ரன் ஏழைச் சிறுவன் அல்லர். குளொஸ்ரர்ஷயரில் நிலமுள்ள குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தவர். குடும்பச் சொத்து மூத்தவருக்குப் போய்விடும் என்பதால், துணி வணிகத் தொழிலைக் கற்பதற்காக இலண்டனுக்கு அனுப்பப்பட்டவர். கதையில் அவரை உயர்த்தியது பூனை. வாழ்க்கையில் அவரை உயர்த்தியது, தொழிலைப் பயிலக் கிடைத்த இடமும் அந்த இடத்தை அறிந்திருந்த பெரியவர்களும்.

எமது பிள்ளைகளுக்கு அந்த இடத்தை அறிந்திருக்கும் பெரியவர்கள் யார் என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

எமது சமூகத்தின் பலமும் பலவீனமும்

கல்வியில் எமது சமூகம் காட்டும் அக்கறையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துவிட்டு, காலையில் உறங்காமல் பிள்ளையைக் கணித வகுப்பிற்கு அழைத்துச் சென்ற தந்தையர் இந்த அவையில் இருக்கிறீர்கள். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று சொற்களைச் சொல்லியே எமது பிள்ளைகளை வளர்த்தோம். இதனை எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அவ்வாறு செய்யமாட்டேன். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் முறை, தகுதியிருந்தும் எத்தனையோ தமிழ் மாணவர்களுக்கு மருத்துவ, பொறியியல் பீடங்களின் கதவை மூடியது. மூடப்பட்ட கதவை எப்படியாவது தன் பிள்ளைக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு தலைமுறை எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் ஒன்றை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதில் தேர்ந்த நாம், தொழிலுக்கு ஆயத்தம் செய்வதில் அவ்வளவு தேர்ச்சி பெறவில்லை. கோயில்களைக் கட்டினோம். இதே ஆர்ச்வே வீதியில் உள்ள முருகன் ஆலயத்திற்கு 2002 இல், தமது ஆட்சியின் பொன்விழா ஆண்டில், எலிசபெத் மகாராணியாரே வருகை தந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை நிறுவினோம். ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் அமைத்தோம். ஒன்றுகூடி ஒரு காரியத்தைச் செய்யும் ஆற்றல் எம்மிடம் உண்டு. அந்த ஆற்றலைப் பிள்ளைகளின் தொழில்வழியின் பக்கம் நாம் இன்னும் போதிய அளவு திருப்பவில்லை.

என்னிடமிருந்தே தொடங்குகிறேன். நான் பொறியியல் பட்டதாரி; தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரிகிறேன். பல ஆண்டுகளாக சனிக்கிழமைகளில் தொண்டராகக் கணிதம் கற்பித்து வந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் பத்தாம் ஆண்டில் படித்த மாணவன் ஒருவன் தயங்கியபடி வந்து, "அங்கிள், நீங்கள் வேலையில என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டான். "கொம்பியூட்டர் வேலை" என்றேன். "அது தெரியும் அங்கிள். ஆனா காலமை போய் இருந்தா என்ன செய்வியள்?" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக அவனுக்கு இருபடிச் சமன்பாடுகளைக் கற்பித்திருந்தேன். நான் செய்யும் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவன் ஏன் கேட்டான் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பாடசாலையிலிருந்து ஒரு வாரத் தொழில் அனுபவத்திற்கு இடம் தேடிக்கொள்ளும்படி கூறியிருந்தார்கள். அவனுடைய வகுப்புத் தோழர்கள் சிலர் தந்தையின் நண்பர்கள் மூலம் சட்ட நிறுவனத்திற்கும் கட்டடக்கலைஞரின் அலுவலகத்திற்கும் சென்றார்கள். அவன் மாமாவின் கடையில் பால் பெட்டிகளை அடுக்கினான். கடை வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்தக் கடைகளே எம்மில் பலரை வாழவைத்தன. ஆனால் அவன் அந்தக் கடையில் ஏற்கனவே ஒவ்வொரு விடுமுறையிலும் நின்றவன். அந்த ஒரு வாரத்தில் அவன் புதிதாக எதையும் காணவில்லை. என்னுடைய அலுவலகமோ அவன் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தது. அவன் என்னிடம் கேட்கத் தயங்கினான். நானாகக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

இந்நாட்டின் முறை எவ்வாறு மாறியது?

இங்கிலாந்தில் தொழில் வழிகாட்டல் யாருடைய பொறுப்பு என்பது கடந்த ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. 2000களில் கொனெக்சன்ஸ் என்ற அரச சேவை இளையோருக்கு ஆலோசனை வழங்கியது. 2011 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அந்தப் பொறுப்பை 2012 செப்டெம்பர் முதல் பாடசாலைகளிடம் ஒப்படைத்தது. அதே காலத்தில், பதினாறு வயதிற்கு உட்பட்ட மாணவர்களுக்குத் தொழில்சார் கற்றலை வழங்க வேண்டும் என்ற சட்டக் கடமையும் நீக்கப்பட்டது. இதன் விளைவு என்ன? அறிமுகங்கள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நல்ல இடங்கள் தொடர்ந்தும் கிடைத்தன. அறிமுகம் இல்லாதவர்கள் பாடசாலையின் முயற்சியையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

2014 இல் கற்ஸ்பி அறக்கட்டளை சேர் ஜோன் ஹோல்மன் தலைமையில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. நல்ல தொழில் வழிகாட்டலுக்கான எட்டு அளவுகோல்களை அது வகுத்தது. இன்று இங்கிலாந்தின் பாடசாலைகள் அவற்றையே பின்பற்றுகின்றன. பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை இவை: ஏழாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் குறைந்தது ஒரு தடவையாவது தொழில்துறையினரைப் பயனுள்ள முறையில் சந்திக்க வேண்டும். பதினாறு வயதிற்குள் ஒரு தடவையும் பதினெட்டு வயதிற்குள் இன்னொரு தடவையும் வேலைத்தள அனுபவம் பெற வேண்டும். அவ்வாறே தேர்ச்சி பெற்ற ஆலோசகருடன் தனிப்பட்ட நேர்காணலும் இரு தடவைகள் நடைபெற வேண்டும். பாடசாலைகளையும் தொழில் நிறுவனங்களையும் இணைப்பதற்காக 2015 இல் தொழில்வழி மற்றும் தொழில்முயற்சிக் கம்பனி என்ற அமைப்பும் உருவாக்கப்பட்டது.

ஒவ்வொரு பாடசாலையிலும் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். அவரது பெயரும் தொடர்பு விபரமும் பாடசாலையின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும் என்பது 2018 முதல் அரசின் வழிகாட்டல். பெற்றோர் மாலை நிகழ்வுகளில் கணித ஆசிரியரையும் விஞ்ஞான ஆசிரியரையும் தவறாமல் சந்திக்கும் நாம், இந்த ஆசிரியரை ஒரு தடவையாவது சந்தித்திருக்கிறோமா?

பாதைகளும் பெருகியுள்ளன. 2020 செப்டெம்பரில் ரி லெவல் கற்கைகள் ஆரம்பமாயின. இரண்டு ஆண்டுக் கற்கையில் குறைந்தது 315 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 45 நாட்கள், தொழில் நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும். 2015 இல் அறிமுகமான பட்டப் பயிற்சித் தொழில் முறையில், சம்பளம் பெற்றுக்கொண்டே பட்டத்தையும் பெறலாம். கல்விக் கட்டணத்தை மாணவர் செலுத்த வேண்டியதில்லை. 1998 இல் ஆண்டுக்கு 1,000 பவுண்களாக இருந்த பல்கலைக்கழகக் கட்டணம் 2012 இல் 9,000 ஆகி, 2025 இல் 9,535 பவுண்களைத் தொட்டது. இந்த நிலையில் கட்டணமின்றிப் பட்டம் பெறும் ஒரு வழியை, "அப்ரண்டிஸ் என்றால் கராச்சில் நிற்பது" என்ற பழைய எண்ணத்துடன் ஒதுக்கிவிட முடியுமா? மென்பொருள், பொறியியல், தாதியியல் முதலிய துறைகளில் இந்த வழி இருக்கிறது. போட்டியும் கடுமையாக இருக்கிறது. போட்டியில் வெல்பவர்கள், வேலைத்தளத்தை ஒரு தடவையாவது கண்டு, அதைப் பற்றிப் பேசத் தெரிந்த இளையோர்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. எடியுகேசன் அன்ட் எம்ப்ளோயர்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2012 இல், 19 முதல் 24 வயது வரையான இளையோரிடையே செய்த ஆய்வை வெளியிட்டது. பாடசாலைக் காலத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் தொழில்துறையினரைச் சந்தித்ததாக நினைவுகூர்ந்தவர்கள், அத்தகைய சந்திப்பே இல்லாதவர்களைவிட, கல்வியோ வேலையோ பயிற்சியோ இன்றி இருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு குறைவு என்று அது கூறியது. சந்திப்பு ஒன்றே அந்த வேறுபாட்டுக்கு முழுக் காரணம் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் நான்கு சந்திப்புகள் என்பது எமது சமூகத்தால் கொடுக்க முடியாத பெரிய தொகையன்று.

எமது வாசலில் உள்ள முன்மாதிரி

ஆர்ச்வே அமைந்துள்ள இஸ்லிங்ரன் பகுதியைப் பாருங்கள். செல்வமும் வறுமையும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பகுதி இது. இங்குள்ள இளையோரின் எதிர்காலத்தை ஆராய்ந்த நியாயமான எதிர்கால ஆணைக்குழு 2018 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அக்காலத்தில் இஸ்லிங்ரன் உள்ளூராட்சி சபை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினாறு வயதிற்குள் நூறு மணி நேரத் தொழில் உலக அனுபவம் கிடைக்க வேண்டும் என்ற இலக்கை முன்வைத்து, பாடசாலைகளையும் தொழில் நிறுவனங்களையும் ஒன்றிணைக்க முற்பட்டது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் கணக்கில் இருக்கிறது. நூறு மணி நேரம் என்பது மலைப்பாகத் தோன்றும். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். ஒரு பாடசாலைத் தவணைக்கு மூன்று மணி நேரம். ஒரு தீயணைப்பு வீரர் வகுப்பிற்கு வந்து பேசுவது ஒரு மணி நேரம். ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தைப் பார்வையிடுவது இரண்டு மணி நேரம். பெரிய காரியம் சிறிய துண்டுகளாகும்போது பலர் அதில் கைகொடுக்க முடிகிறது.

நாம் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். விற்றிங்ரன் மருத்துவமனை இங்கிருந்து நடை தூரத்தில் உள்ளது. மருத்துவமனை என்றதும் எமக்கு மருத்துவரே நினைவுக்கு வருவார். தேசிய சுகாதார சேவையில் 350க்கும் மேற்பட்ட தொழில்கள் உள்ளன. கதிர்ப்படம் எடுப்பவர், குருதியை ஆராயும் விஞ்ஞானி, பேச்சுச் சிகிச்சையாளர், மருத்துவக் கருவிகளைப் பேணும் பொறியியலாளர், தரவு ஆய்வாளர் ஆகிய எல்லோரும் அங்கே பணிபுரிகிறார்கள். மருத்துவத்திற்கு இடம் கிடைக்காததால் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக அழும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும், இதைப் பதினெட்டு வயதில் ஆறுதலாகச் சொல்வதைவிடப் பதின்மூன்று வயதில் அறிவாகக் கொடுப்பது நல்லது. ஹொலோவே வீதியில் இலண்டன் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் இருக்கிறது. செயின்ற் பங்கிராசில் 2016 இல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் கிறிக் ஆய்வு நிலையம் இருக்கிறது. இவை யாவும் எம் பிள்ளைகள் பேருந்தில் கடந்து செல்லும் கட்டடங்கள். உள்ளே சென்றவர்கள் எத்தனை பேர்?

தொழிலிடத்தோடு இணைந்த கல்வி எமக்குப் புதியதுமன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். மாணவர்கள் பாடத்தையும் நோயாளரைப் பேணுவதையும் ஒருங்கே பயின்றார்கள். பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று மருத்துவராயினர். எமது காலத்திலும், தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், பாடசாலை, கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டலையும் திறன் பயிற்சியையும் ஒன்றாகக் கொண்டுசெல்ல முற்பட்டது. ஊரில் ஓர் அரசு செய்ய முனைவதை, இங்கே ஒரு சமூகமாக எமது அளவில் நாமும் செய்யலாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எம்மிடம் உள்ளவர்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விருந்தில் ஒரு மேசையைச் சுற்றி மயக்கமருந்து மருத்துவர், புகையிரத சமிக்ஞைப் பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காய்வாளர், உணவகம் நடத்துபவர் எல்லோரும் அமர்ந்திருப்பார்கள். அடுத்த மேசையில் அவர்களுடைய பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த இரு மேசைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் எமது பிரச்சினை. ஒவ்வொரு சங்கமும் தனது உறுப்பினர்களின் தொழில்களைப் பதிந்து, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் தரமுடியும் என்று கேட்டு ஒரு பட்டியல் ஆக்கட்டும். ஐம்பது பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் தந்தால் அதுவே நூறு மணி நேரம்.

இரண்டாவது, அந்தப் பட்டியலுடன் ஆங்கிலப் பாடசாலைகளின் கதவைத் தட்ட வேண்டும். "எமது பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுச் செல்பவரைவிட, "உங்கள் மாணவர் அனைவருக்கும் நாங்கள் இதைத் தரமுடியும்" என்று சொல்லிச் செல்பவரைப் பாடசாலை விரைவில் வரவேற்கும். எமது வல்லுநர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அந்த வகுப்பிலுள்ள சோமாலிய, துருக்கிய, ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் பேச வேண்டும். கூட்டுறவு என்பது கொடுக்கல் வாங்கல் இரண்டும்தான். இன்னொரு நாள் அவர்களுடைய பெற்றோர் எம் பிள்ளைக்குக் கதவைத் திறப்பார்கள்.

மூன்றாவது, கடைகளும் சிறு நிறுவனங்களும் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை ஒரு வாரம் எடுப்பதென்றால் பெரும் சட்டச் சிக்கல் என்று அஞ்சுகிறீர்கள். பொதுவாக உங்களிடம் ஏற்கனவே உள்ள தொழில்தருநர் பொறுப்புக் காப்புறுதியே மாணவரையும் உள்ளடக்கும். காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு தடவை உறுதிசெய்துகொண்டால் போதும். பாடசாலையின் பிள்ளைப் பாதுகாப்பு விதிகளை மட்டும் ஒருபோதும் இலகுவாக எடுத்துவிடக்கூடாது. "எங்கட ஆள்தானே" என்பது பாதுகாப்பு விதிக்கு மாற்றாகாது. மாணவர் வந்தால் பெட்டி அடுக்க மட்டும் விடாதீர்கள். கொள்முதல் விலை, வற் வரிக் கணக்கு, இருப்புக் கணினி, விநியோகத்தருடன் பேரம் ஆகியவற்றைக் காட்டுங்கள். அப்போது மாமாவின் கடையும் ஒரு வகுப்பறையாகும்.

நான்காவது, பெற்றோர் கவனிக்க வேண்டியது. பெண்பிள்ளை பொறியியல் வேலைத்தளத்திற்குச் செல்ல விரும்பினால் "அது உனக்குச் சரிவராது" என்று சொல்லிவிடாதீர்கள். அவ்வாறே, தொழில்வழிப் பாதை என்ற பெயரில் பல்கலைக்கழகத் தகுதியுள்ள பிள்ளையை எவரேனும் குறைந்த இலக்கிற்குத் தள்ளினால் அதற்கும் தலையசைக்காதீர்கள். ஆலோசனையை எழுத்தில் கேளுங்கள், காரணத்தைக் கேளுங்கள். இன்னொன்று: குடிவரவு நிலை இன்னும் முடிவாகாத குடும்பங்கள் எம்மிடையே உண்டு. பயிற்சித் தொழில் என்பது சம்பளம் பெறும் வேலை. அதற்கு வேலை செய்யும் உரிமை வேண்டும். மாணவர் கடனுக்கும் வதிவிட நிபந்தனைகள் உண்டு. பதினெட்டு வயதில் விண்ணப்பப் படிவத்தின் முன் அமர்ந்து இதை முதன்முதலாக அறியும் பிள்ளையின் முகத்தைக் காண்பது கொடுமை. பத்தாம் ஆண்டிலேயே தகுதியான சட்ட ஆலோசனையைப் பெறுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் பிள்ளைக்குத்தான் இழப்பு.

இளையோரே, இறுதியாக உங்களுக்கு. பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி நீங்கள் ஒதுங்குகிறீர்கள். நாங்கள் உங்களிடம் மதிப்பெண்ணை மட்டுமே விசாரிப்பதால் அந்த எண்ணம் வந்திருக்கலாம். அதில் எங்கள் குற்றமும் உண்டு. அடுத்த முறை ஒரு வீட்டு விசேடத்தில் ஓர் அங்கிளையோ அன்ரியையோ சந்தித்தால், அந்த மாணவன் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "காலையில் போய் அமர்ந்தால் என்ன செய்வீர்கள்?" உங்கள் வேலையில் எது கடினம்? உங்கள் நிறுவனம் என் வயதுடைய ஒருவரை எடுக்க என்ன பார்க்கும்? மூன்று கேள்விகள் போதும்.

அந்த மாணவனை மறுவருடக் கோடை விடுமுறையில், உரிய அனுமதிகளைப் பெற்று, எனது அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றேன். மூன்று நாட்கள் எமது குழுவுடன் இருந்தான். மூன்றாம் நாள் மாலை, "அங்கிள், எனக்கு இந்த வேலை பிடிக்கேல்லை. ஆனா உங்கட கட்டடத்தில அந்த மின்சாரத் திட்டம் போட்டவையோட கதைச்சன். அது பிடிச்சிருக்கு" என்றான். முதலில் எனக்குச் சிறிது ஏமாற்றம். பின்னர் யோசித்தேன். பிடிக்காத ஒன்றில் மூன்று ஆண்டுகளையும் பெருங்கடனையும் செலவிடுவதற்குப் பதிலாக, மூன்று நாட்களில் அவன் அதை அறிந்துகொண்டான். இன்று அவன் கட்டட மின்பொறியியல் துறையில் பயிற்சித் தொழிலாளனாகப் பணிபுரிந்தவாறே பட்டத்திற்குப் படிக்கிறான். அவனுடைய தாயார் தொடக்கத்தில் என்னுடன் பேசவில்லை. இப்போது ஊரிலிருந்து வரும் பனங்கட்டியில் எனக்கும் ஒரு பங்கு வருகிறது.

இன்று வெளியே செல்லும்போது வாசலில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டிருக்கும். அதில் பணம் கேட்கப்படவில்லை. உங்கள் பெயர், உங்கள் தொழில், இந்த ஆண்டில் நீங்கள் தரக்கூடிய மணி நேரம் ஆகிய மூன்றையும் மட்டும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் என்றாலும் எழுதுங்கள். முதலாவது வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.